வீராணத்தின் கரையில் ஓடுவோர்க்கு

மே முதல் நாள் நடைபெற்ற கிராம சபைக் கூட்டம் ஒன்றில், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை ஆகிய வழக்கமான பொருள்கள் பேசி முடிந்த பின்னர், பின்வரிசையில் அமர்ந்திருந்த தாயார் ஒருவர் எழுந்து, "ஐயா, எம் பொண்ணு போலீஸ் வேலைக்கு எழுதினா. எழுத்துத் தேர்வுல தேறிட்டா. ஓட்டத்துல முந்நூறு மீட்டர் தாண்டுனதும் மூச்சு வாங்கி உக்காந்துட்டா. ஓடிப் பழகுறதுக்கு ஊருல இடமில்லீங்க. ஏரிக்கரை ரோட்டுல விடியக்காலம் லாரி வருது. வாய்க்கா பக்கம் ஒத்தையில அனுப்ப மனசு வரல. எங்கதான் ஓடுவா?" என்று கேட்டார்.

தீர்மானப் புத்தகத்தில் இத்தகைய கேள்விக்கெனத் தலைப்பு ஏதும் இல்லை. சாலை என்றால் ஒரு தலைப்பு உண்டு. விளையாட்டுத் திடல் என்றால் மற்றொன்று உண்டு. ஓடுவதற்குரிய வழி என்பது இரண்டிலும் அடங்காமல் நின்றது. ஆயினும், வீராணம் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோழி கூவும் நேரத்தில் எழுந்து செல்வோர், கரையின்மீது இருளில் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களைக் கண்டிருப்பர். அவர்கள் பொழுதுபோக்குக்காக ஓடுபவர்கள் அல்லர். தமிழகக் காவல்துறையின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடித்தல் வேண்டும். பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 30 விநாடிகளுக்குள் ஓடுதல் வேண்டும். இராணுவ ஆள்சேர்ப்பிலோ 1600 மீட்டர் ஓட்டம் உண்டு. எழுத்துத் தேர்வுக்கு நூலகத்தில் படிக்கலாம். நண்பரிடம் புத்தகம் இரவல் வாங்கலாம். ஓட்டத்தை இரவல் வாங்க இயலாது. ஒரு குடும்பத்தில் முதன்முதலாக அரசுப் பணிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை, சில விநாடிகள் பிந்தியமையால் வீடு திரும்புவதை நாம் பலமுறை கண்டதுண்டு.

நகரத்தில் இருப்போர்க்கு விளையாட்டரங்கம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்றை வகுத்தது. மாவட்டத்துக்கு ஒன்று என்னும்போது, அது மூலைக் கிராமத்தை எட்டுவது அரிது. ஆனால் ஏரியோரக் கிராமங்களுக்கு இயற்கையும் முன்னோரும் சேர்ந்து வேறொரு செல்வத்தை அளித்துள்ளனர். அது கரை. அதனைப் பயன்படுத்தும் முறையையும், பயன்படுத்தலாகாத முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்து, தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 5 கிலோமீட்டர் வரை இருக்கும். முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சிக் காலத்தில், அதாவது கி.பி. 907-க்கும் 955-க்கும் இடையில், இது தோண்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அம்மன்னனுடைய விருதுப் பெயர். வீரநாராயணன் ஏரி என்பதே நாளடைவில் வீராணம் என மருவிற்று. அவன் மகன் இராசாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு இதனை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கி, 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் தேங்கி, அங்கிருந்து வடவாற்றின் வழியே இவ்வேரியை வந்தடைகிறது. மேற்கிலிருந்து மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முழு நீர்மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 44,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இந்நீரை நம்பியுள்ளது. 2004-ஆம் ஆண்டிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய்வழியே சென்னை நகருக்கும் குடிநீர் சென்றுகொண்டிருக்கிறது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் இக்கரையில்தான் தொடங்குகிறது என்பதை வாசகர்கள் அறிவர். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி இவ்வழியே வருகிறான். குதிரையில் வந்தவனுக்கு இருந்த வசதி ஒன்று இன்று நடந்து செல்வோர்க்கு இல்லை. அவனுக்கு எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வரவில்லை.

ஓடுவோர்க்கு ஏரியைச் சுற்றி மூவகை வழிகள் உண்டு. கரைமேல் செல்லும் சாலை ஒன்று. வாய்க்கால் கரை மற்றொன்று. நீர் வற்றிய காலத்து உள்வாய் மூன்றாவது. இவற்றுள் அழகில் முதலிடம் பெறுவது கிழக்குக் கரையின் சாலையே. லால்பேட்டையிலிருந்து கந்தகுமாரன் வழியாகச் சேத்தியாத்தோப்பு நோக்கி வடக்கே செல்பவர்க்கு இடக்கைப் பக்கம் முழுவதும் நீர்ப்பரப்பு. வலக்கைப் பக்கம், கரைக்குக் கீழே தாழ்ந்து, வயல்கள். விடியலில் கதிரவன் வயல்களுக்கு அப்பால் எழுகிறான். அவ்வொளி கரையைத் தாண்டி நீரின்மேல் விழும்பொழுது, ஏரியின் அக்கரை மட்டும் முதலில் பொன்னிறம் பெற்று, அருகிலுள்ள நீர் இன்னும் இருண்டே இருக்கும். மாலையில் இது தலைகீழாகிறது. கதிரவன் ஏரிக்குள் இறங்குவதுபோல் மேற்கே மறைகிறான். ஆடி மாதத்தில் மேல்காற்று நீரின்மீது தவழ்ந்து வந்து ஓடுபவரின் இடத்தோளில் மோதும். மார்கழியில் வயல்களிலிருந்து எழும் பனி கரையை மறைத்துவிடும். பத்தடி தொலைவில் வரும் மாடும் தெரியாது. நீர் நிறைந்த காலத்தில் நீர்க்காகங்களும் நாரைகளும் கூட்டமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். ஓட்டத்தின் களைப்பை மறக்கச் செய்வதற்கு இக்காட்சிகளைப்போல் மருந்து வேறில்லை என்று, காலையில் நம்முடன் நடந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூறினார். அவர் ஓடுவதில்லை, கைத்தடியுடன் நடக்கிறார், ஆயினும் ஓடுவோர் அனைவரையும் பெயர் சொல்லி அதட்டி வேகப்படுத்துகிறார்.

இச்சாலையின் குறை யாவரும் அறிந்ததே. பஸ்களும் லாரிகளும் செல்லும் பெருஞ்சாலை இது. கரையின் மேற்பரப்பு முழுவதையும் சாலையே பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் ஓடுபவர் ஒதுங்குவதற்கு இடமில்லை. ஒதுங்கினால் ஒருபுறம் நீர், மறுபுறம் சரிவு. ஆதலின் இங்கு ஓடுவோர் சில விதிகளைக் கட்டாயம் பின்பற்றுதல் வேண்டும். வாகனங்கள் இடப்புறம் செல்கின்றமையால், ஓடுபவர் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தவாறு ஓடவேண்டும். முதுகுக்குப் பின்னே வரும் லாரியை நம்பி ஓடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். வெள்ளை அல்லது மஞ்சள் நிறச் சட்டை அணிதல் நன்று. கறுப்புச் சட்டையும் காதில் பாட்டுக் கருவியும் இக்கரைக்கு ஆகா. மூவர் நால்வர் சேர்ந்து ஓடும்பொழுது பக்கவாட்டில் அணிவகுத்துச் செல்லாமல், ஒருவர்பின் ஒருவராகச் செல்ல வேண்டும். முன்னால் ஓடுபவரிடமும் கடைசியாக ஓடுபவரிடமும் டார்ச் விளக்கு இருத்தல் வேண்டும். கரும்பு அரவைப் பருவத்தில் டிராக்டர்களின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநரின் கண்ணுக்கு அந்நீட்டம் தெரிவதில்லை. அப்பருவத்தில் சாலையை அடியோடு விட்டு வாய்க்கால் வழிக்கு மாறிவிடுவதே அறிவுடைமை.

மற்றொரு சிறு செய்தியும் உண்டு. தார்ச்சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். ஒரே ஓரத்தில் நாள்தோறும் ஓடுபவருக்கு ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் பதிவதால், சில வாரங்களில் முழங்காலின் வெளிப்புறத்தில் வலி தோன்றும். இளைஞர் பலர் இதனை நரம்புத் தளர்ச்சி என்று எண்ணி எண்ணெய் தேய்க்கின்றனர். நாள்தோறும் ஓடும் ஓரம் மாறாதவரையில் எண்ணெயால் பயன் இல்லை. திரும்பி வரும்பொழுதும் எதிர்வரும் வண்டியைப் பார்த்தே ஓட வேண்டியிருப்பதால், சாலை ஓரத்தில் இது தானாகச் சரியாவதில்லை. வாரத்தில் மூன்று நாட்களேனும் சமதளமான மண்பாதையில் ஓடுவதே இதற்குப் பரிகாரம்.

இனி, தூரத்தை அளக்கும் முறையைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். தேர்வில் தோல்வியுறுவோர் பலர் இங்கேதான் ஏமாறுகின்றனர். 'புளியமரத்திலிருந்து மதகு வரைக்கும் ஆயிரத்து ஐந்நூறு' என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கும். எவர் அளந்தார், எப்பொழுது அளந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. கைப்பேசி காட்டும் தூரத்தை நம்புவோரும் உண்டு. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு பிழை ஏற்பட்டால், 1500 மீட்டரில் 45 மீட்டர் குறைந்துவிடும். 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் 28 விநாடி. ஆகவே 45 மீட்டர் என்பது 12 விநாடிக்கும் மேல். ஊரில் 6 நிமிடம் 55 விநாடியில் ஓடியதாக மகிழ்ந்தவர், மைதானத்தில் 7 நிமிடத்தைத் தாண்டிவிடுவதற்கு இதுவே காரணம்.

பிழையின்றி அளப்பதற்குப் பழைய சைக்கிள் ஒன்று போதும். சக்கரத்தில் காற்றை நன்கு நிரப்பி, டயரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி இட்டு, வழக்கமாக ஏறிச் செல்பவர் ஏறி அமர்ந்த நிலையிலேயே பத்துச் சுற்று உருட்டி, அத்தூரத்தை அளவு நாடாவால் அளந்து பத்தால் வகுக்க வேண்டும். பெரிய சைக்கிளில் ஒரு சுற்று ஏறத்தாழ 2.2 மீட்டர் வரும். அவ்வாறாயின் 341 சுற்றில் 750 மீட்டர் கிடைக்கும். ஆரக்கம்பி ஒன்றில் துணித்துண்டைக் கட்டி, அது சட்டத்தில் உரசும் ஓசையை எண்ணிக்கொண்டே செல்லலாம். இருவர் தனித்தனியே எண்ணிப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. நாம் முதன்முறை எண்ணியபொழுது பால்காரர் ஒருவர் வழிமறித்து நலம் விசாரிக்க, கணக்கு 200-க்குமேல் எங்கோ தவறிப்போய், மீண்டும் புளியமரத்திலிருந்தே தொடங்க நேர்ந்தது.

750 மீட்டர் அளந்து, போய்த் திரும்பினால் 1500. ஒரே திசையில் 1500 மீட்டர் ஓடுவதினும் போய்த் திரும்புவது மேலானது. காற்றின் உதவியும் எதிர்ப்பும் ஈடாகிவிடுகின்றன. வழியில் 100 மீட்டருக்கு ஒருமுறை அடையாளம் இருந்தால், 28 விநாடி என்னும் வேகத்தைக் கால்களே கற்றுக்கொள்ளும். தொடக்கத்தில் அம்புபோல் பாய்ந்து, 800 மீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கம் இதனால் ஒழிகிறது.

அடையாளம் இடுவது என்றவுடன், கரையில் கல் நடலாமே, படிக்கட்டு அமைக்கலாமே, இருபுறமும் மரம் வைத்துச் சோலையாக்கலாமே என்னும் ஆர்வம் எழுவது இயற்கை. அவ்வார்வம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. முன்பு வேறொரு மாவட்டத்தில் பணியாற்றியபோது, சிற்றேரி ஒன்றின் கரையில் நடைபாதை அமைக்க முற்பட்டோம். ஊரிலிருந்து கரைமேல் ஏறுவதற்கு வசதியாக வெளிச்சரிவில் மண்ணை வெட்டிப் படிகள் அமைத்தோம். கரையின் உச்சியில் நிழல்மரக் கன்றுகள் நட்டோம். திறந்துவைத்த நாளில் பாராட்டுரைகள் பல நிகழ்ந்தன. அவ்வாண்டு ஐப்பசி மழையில் படிகளின் வழியே நீர் இறங்கி, படிகள் இருந்த இடம் ஓர் ஓடையாயிற்று. ஏரி பாதி நிறைந்திருந்த ஓர் இரவில், ஊர் மக்கள் அரிக்கேன் விளக்குடன் வந்து மணல் மூட்டைகளை அடுக்கினர். நாமும் மூட்டை சுமந்தோம். பொழுது விடிந்ததும் பாசனப் பிரிவுப் பொறியாளர் வந்தார். கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "கரையைத் தொடுறதுக்கு முன்னே எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்" என்றார். அச்சொல் இன்றும் நம் காதில் இருக்கிறது.

மண்கரை என்பது வெறும் மேடு அன்று. ஏரி நீர் எப்பொழுதும் அதனுள் மெல்ல ஊறிக்கொண்டே இருக்கிறது. அவ்வூற்று கரையின் அடிப்பகுதிக்குள்ளேயே தணிந்துவிடுமாறு, கரையின் அகலமும் சரிவும் கணக்கிடப்பட்டுள்ளன. வெளிச்சரிவை வெட்டினால் அக்கணக்குக் குலைகிறது. பலர் ஒரே தடத்தில் சரிவில் ஏறி இறங்கினால், புல் அழிந்து ஒற்றையடிப்பாதை தோன்றும். மழைநீர் அத்தடத்தையே தேடி வந்து பள்ளமாக்கும். மரங்களின் வேர்கள் கரைக்குள் நெடுந்தூரம் ஓடும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அதனிடத்தில் குழல்போன்ற வெற்றிடம் உண்டாகும். எலிவளையும் நண்டுவளையும் அத்துடன் சேர்ந்துவிட்டால், நீர் அவ்வழியே புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு வெளிப்படும். கரை உடைவது பெரும்பாலும் இவ்வாறே. நம் முன்னோர் கரையோரங்களில் பனையை விரும்பி வளர்த்தனர். பனையின் சல்லிவேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிப்பனவேயன்றிப் பிளப்பன அல்ல.

ஆதலின் ஓடுவோர்க்கு நாம் கூறுவது இது: கரையின் உச்சியில் ஓடுங்கள்; சரிவில் ஓடி ஏறிப் பயிற்சி செய்யாதீர்கள். மலையேற்றப் பயிற்சி தொடைக்கு வலிமை தரும் என்பது மெய்யே. அதனை ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் அருகிலுள்ள மண்மேட்டில் செய்துகொள்ளலாம். கரையில் நீர் கசிவதையோ புதிய வளையையோ ஓடும்பொழுது கண்டால், அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கரைக் காவலரிடம் தெரிவியுங்கள். நாள்தோறும் விடியலில் கரை முழுவதையும் கண்ணால் பார்த்துச் செல்லும் இளைஞர் இருபதுபேர் ஓர் ஏரிக்கு இருப்பது பெரும் பாதுகாப்பு என்று, அப்பொறியாளரே பின்னர் நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

வாய்க்கால் கரைகள் அழகில் குறைந்தவை அல்ல. வாகனத் தொல்லை அங்கே குறைவு. வடவாற்றின் கரையிலும், ஏரியின் கிழக்கு மதகுகளிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால்களின் கரைகளிலும் வேண்டிய தூரம் ஓடலாம். மண்பாதையாதலின் முழங்காலுக்கு இதம். நீர் பாயும் பருவத்தில் ஓடுபவருக்கு இணையாக நீரும் ஓடிவருவது தனி இன்பம். ஆயின் இப்பகுதி மண் களிமண். ஒரு தூறல் விழுந்தாலும் காலணியின் அடியில் களி அப்பிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் ஒரு சேர் எடை கூடும். மழைக்கு மறுநாள் இவ்வழியில் ஓட முயன்று வழுக்கி விழுந்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதைக் கூறுவதில் நாணமில்லை.

பாம்பைக் குறித்தும் கூறியாக வேண்டும். நெல்வயல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்தில் பாம்பு இருக்கும். கண்ணாடிவிரியன் வரப்பிலும் வாய்க்கால் ஓரப் புல்லிலும் அசையாமல் கிடக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். ஆகவே வாய்க்கால் வழியில் நிலம் தெளியத் தெரியும்வரை ஓட வேண்டா. இருளில் செல்லத்தான் வேண்டுமெனில் வெறுங்காலுடன் செல்லற்க. கடி நேர்ந்துவிட்டால் அவ்விடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் கூடா. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் வைத்து, 108 எண்ணுக்குத் தெரிவித்து, நச்சு முறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மந்திரிப்பவரைத் தேடிச் செலவழிக்கும் அரைமணி நேரமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

உள்வாயைப் பற்றி மிகுதியாகக் கூறுவதற்கில்லை. நீர் இறங்கிய கோடையில் மேற்குப் பக்கத்தில் சமதளமான தரை விரிந்து கிடக்கும். மாடு மேய்ப்போர் தவிர வேறொருவரும் இரார். காய்ந்த வண்டல் காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் மேலே காய்ந்து அடியில் சேறாயிருக்கும் இடங்களும், மண் எடுத்த பள்ளங்களும் உண்டு. மாட்டின் குளம்படித் தடம் உள்ள இடத்தில் மட்டும் கால் வைப்பது பாதுகாப்பான வழி. மேய்ப்பவரைக் கேட்டால் அவரே காட்டுவார்.

ஓடி முடித்த இளைஞர் வியர்வையுடன் நேரே ஏரியில் குதிப்பதை மட்டும் எவ்வகையிலும் தடுத்தாக வேண்டும். மதகு திறந்திருக்கும்பொழுது மேலே நீர் அமைதியாகவே தோன்றும். அடியிலோ மதகின் வாயை நோக்கி நீர் பேரிழுப்புடன் சென்றுகொண்டிருக்கும். நீச்சலில் வல்லவரும் அவ்விழுப்பிலிருந்து மீள்வது அரிது. களைத்த தசை குளிர்ந்த நீரில் சுண்டியிழுத்துக்கொள்வதும் உண்டு. மேலும், இந்நீர் பலருடைய குடிநீர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் கிணற்றடியோ குழாயடியோ இருக்கிறது. சற்று நேரம் நடந்து, வியர்வை ஆறி, உப்பிட்ட நீராகாரமோ நீர்மோரோ அருந்திவிட்டு அங்கே குளிக்கலாம். சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குமேல் ஓடவே வேண்டா.

கிராம சபையில் எழுந்து நின்ற தாயாருக்கு நாம் கூறிய விடை யாது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அன்று கூறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கரை நீர்வளத் துறையினுடையது. அதன்மேல் உள்ள சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. கரைக்குக் கீழே உள்ள வீதிகளும் பள்ளிச் சாலையும் மட்டுமே ஊராட்சியின் கைக்குள் இருப்பவை. பெரிய அழகுத் திட்டம் தீட்டி அரசுக்கு அனுப்புவது ஒரு வழி. அதற்கு விடை வருவதற்குள் அப்பெண்ணுக்கு வயது வரம்பு கடந்துவிடும். எனவே கைக்குள் இருப்பதைக்கொண்டு தொடங்கினோம். ஊரிலிருந்து பள்ளி வரையிலான சாலையைச் சைக்கிளால் அளந்தபோது 430 மீட்டர் இருந்தது. அதில் 400 மீட்டருக்குத் தொடக்கமும் முடிவும் குறித்து, இடையில் 100 மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். செலவு, சுண்ணாம்பின் விலை. சாலையின் இருபுறமும் வளர்ந்திருந்த கருவேல முள்ளை வெட்டினோம். ஏற்கெனவே இருந்த நான்கு விளக்குகளில் எரியாத இரண்டினை மாற்றினோம்.

விளக்கையும் கோட்டையும்விடப் பயன்பட்டது வேறொன்று. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் நால்வர், நாள்தோறும் காலை 5 மணி முதல் 6 மணி வரை முறைவைத்து அச்சாலையின் இரு முனைகளிலும் நடைப்பயிற்சி செய்ய முன்வந்தனர். அவர்களுள் இருவருக்கு நீரிழிவு. மருத்துவர் நடக்கச் சொல்லியும் நடக்காதிருந்தவர்கள். "அவுங்க ஓடட்டும், நாங்க நடக்குறோம். எங்களுக்கும் சாக்கு ஒண்ணு வேணுமில்ல" என்றார் ஒருவர். முதல் நாள் ஓட வந்தவர் அத்தாயாரின் மகள் ஒருவரே. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, எவரேனும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவாறே ஓடினார். ஒரு மாதத்தில் பெண்கள் ஒன்பதுபேர் ஆயினர். அவர்களுள் பள்ளி மாணவியர் ஐவர். பள்ளித் தலைமையாசிரியை தம் கைக்கடிகாரத்துடன் வந்து நேரம் குறித்துக் கொடுக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, பெரியவர் இருவர் சைக்கிளில் முன்னும் பின்னும் வர, ஏரிக்கரை மேல் சென்று ஓடுகின்றனர். ஞாயிறு விடியலில் லாரிப் போக்குவரத்துக் குறைவு. நீரைப் பார்த்துக்கொண்டே ஓடினால் மூச்சு வாங்குவது தெரியவில்லை என்று அப்பெண் கூறினார். கரைமேல் நாம் கல் ஏதும் நடவில்லை. நெடுஞ்சாலைத் துறையினர் ஏற்கெனவே நட்டுள்ள கிலோமீட்டர் கற்களையே அடையாளமாகக் கொள்கின்றனர். நீர்வளத் துறையினரிடமும் இவ்வாறு ஓடுவது குறித்து முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்துவிட்டோம். இம்முறை முதலில் கேட்டோம்.

சென்ற வாரம் அப்பெண் 400 மீட்டரை 2 நிமிடம் 11 விநாடியில் ஓடியிருக்கிறார். அடுத்த தேர்வு அறிவிப்பு எப்பொழுது வருமென்று தாயார் அலுவலகத்துக்கு வந்து கேட்டுச் சென்றார். பள்ளிச் சாலையின் வெள்ளைக் கோடுகள் மழையில் மங்கிவிட்டனவாம். மறுபடி போட வேண்டும் என்றும் சொல்லிச் சென்றார். சுண்ணாம்புக்கு உத்தரவிட்டுள்ளோம்.